நாத்தனாருடன் நடந்த டிசம்பர்

பல வருடங்களாக என்னோடு பேசாமல் இருந்த என் நாத்தனார், ஒரு நவம்பர் மாதக் கடைசியில் போன் செய்து, "அண்ணி, ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா? எங்கயாவது நடக்கப் போவோமா?" என்று கேட்டாள்.

நான் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன். அவள் எண்தான். குரலும் அவளுடையதுதான்.

"எதுக்கு?" என்றேன்.

"சும்மாதான் லா. மழ சீசன் வந்துடுச்சு, வெயில் இல்ல. கடல் பக்கம் போனா நல்லா இருக்கும்."

'சும்மாதான்' என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அது என் தொழில் எனக்குக் கொடுத்த குணம். ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வாகன விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. கழுத்தைத் திருப்பவே முடியவில்லை என்று பட்டை கட்டிக்கொண்டு வந்து உட்காருவார்கள். பக்கத்தில் யாராவது தேநீர்க் கோப்பையைக் கீழே போட்டால் சட்டென்று திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்தே என் தலைமுடி நரைத்துவிட்டது. வீட்டில் என் கணவர், "உன்கிட்ட தும்மினாக்கூட மெடிக்கல் ரிப்போர்ட் கேப்ப" என்பார்.

நாத்தனார் விஷயத்தில் சந்தேகப்பட எனக்குத் தனிக் காரணமும் இருந்தது. மாமியார் கடைசிக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவர் இறந்த அன்று, உறவுக்காரர்கள் எல்லாரும் நின்றுகொண்டிருக்க, கிள்ளானிலிருந்து வந்து இறங்கிய இவள் உடலின் மேல் விழுந்து அழுதாள். பிறகு எழுந்து என்னைப் பார்த்து, "என் வீட்டுல இருந்திருந்தா எங்கம்மா இன்னும் உயிரோட இருந்திருப்பாங்க" என்றாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. என் கணவர்கூடச் சொல்லவில்லை. அதன் பிறகு கல்யாண மண்டபங்களில் நானும் அவளும் வேறு வேறு வரிசைகளில் உட்காரப் பழகிக்கொண்டோம். எங்காவது பேச வேண்டியிருந்தால், என்னைவிடச் சின்னவளான அவளை நான் 'நீங்க' என்றே சொல்வேன். அது மரியாதைக்காக அல்ல.

போனை வைப்பதற்கு முன் ஒன்று கேட்டேன். "போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் வந்திருந்தீங்களா?"

"இல்லியே அண்ணி. நான் கிள்ளான விட்டு எங்க வரேன்?"

பொய். போன வாரம் மதிய உணவு வாங்கிக்கொண்டு திரும்பும்போது, மோனோரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் அவளை என் கண்ணால் பார்த்தேன். நடைபாதை ஓரம் தனியாக நின்றுகொண்டிருந்தாள். நான் சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்தேன். லோரி ஒன்று குறுக்கே வந்து போன பிறகு பார்த்தால், ஆள் இல்லை.

"போயேன். அவளே எறங்கி வந்து கூப்பிடறா" என்றார் கணவர்.

எறங்கி வருகிறவள் ஏன் பொய் சொல்கிறாள் என்று அவரிடம் நான் கேட்கவில்லை. தங்கை விஷயத்தில் அவருக்குக் காது கேட்காது. ஆனாலும் போனேன். என்ன வேண்டுமாம் இவளுக்கு என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

இந்த ஊரில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஆனால் ஆண்டு முடிகிற அந்தச் சில வாரங்களில் வானம் தாழ்ந்துவிடும். காலையில் குளியலறைத் தண்ணீர் உடம்பில் பட்டால் சிலிர்க்கும். மார்கழி பிறந்ததும் கோயிலுக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார்கள். அதுதான் எங்களுக்குக் குளிர்காலம்.

அந்த ஞாயிறு கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறி கிள்ளானில் இறங்கினேன். நாத்தனார் நிலையத்து வாசலில் காருக்குள் காத்திருந்தாள். கதவைத் திறக்கும்போதே என் கண் காரின் இடதுபக்கத்தை மேய்ந்தது. முன் பம்பரிலிருந்து பின் கதவுவரை கீறல்கள். ஒரே நாளில் விழுந்தவை அல்ல. சில பழையவை, சில புத்தம் புதியவை. வலதுபக்கம் கிட்டத்தட்ட சுத்தமாக இருந்தது.

"காடிய யாராவது இரவல் வாங்கிட்டுப் போறாங்களா?" என்றேன்.

"இல்லியே. நான் மட்டுந்தான் ஓட்டுறேன். ஏன்?"

"சும்மாதான்" என்றேன்.

மோரிப் கடற்கரைக்குப் போனோம். வழி நெடுக அவள் ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்து, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே மெதுவாக ஓட்டினாள். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் எப்போது பேச்சை ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் ஆரம்பிக்கவில்லை.

கடல் வெகு தூரம் உள்வாங்கியிருந்தது. சவுக்கு மரங்களைத் தாண்டினால் சாம்பல் நிறச் சேறு. அதற்கு அப்பால் அதே நிறத்தில் தண்ணீர், அதற்கு மேல் அதே நிறத்தில் வானம். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. காற்று ஈரமாக, கொஞ்சம் மீன் வாசத்தோடு அடித்தது. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்று ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அங்க பாருங்க அண்ணி, கப்பல். ரெண்டு கிரேன் நிக்குது பாருங்க மேல."

எனக்குக் கண்ணாடி போட்டும் ஒரு கறுப்புப் புள்ளிதான் தெரிந்தது. நல்ல கண்தான் இவளுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தவள், மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மலாய்க் குடும்பத்தின் நடுவில் கால் வைத்தாள். சோற்றுப் பொட்டலம் ஒன்று அவள் காலடியில் நசுங்கியது. தட்டு ஒன்று கவிழ்ந்தது. "சாரி காக், சாரி, சாரி" என்று அந்த வீட்டு அம்மாளை மலாயில் அக்கா போட்டுக் கூப்பிட்டபடி பின்வாங்கினாள். அந்த அம்மாள் பரவாயில்லை என்று சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. பாய் பச்சை நிறம். மணலின் மேல் பளிச்சென்று கிடந்தது. கடலில் கிரேனை எண்ணுகிறவளுக்குக் காலடியில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருப்பது எப்படித் தெரியாமல் போகும்?

பிறகு இளநீர்க் கடையில் இன்னொன்று நடந்தது. கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்று கோப்பையை நீட்டினார். அவள் வாங்கவில்லை. கடலைப் பார்த்தபடியே நின்றாள். "அக்கா" என்று அவர் கூப்பிட்ட பிறகுதான் திரும்பி, பெரிய மனுஷி மாதிரி மெதுவாகக் கை நீட்டினாள். எனக்கு அவமானமாக இருந்தது. இவள் மாறவே இல்லை, மற்றவர்கள் இவள் கண்ணில் படவே மாட்டார்கள் என்று முடிவு கட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர், "என்ன பேசினீங்க?" என்றார்.

"ஒண்ணும் பேசல. அதான் பயமா இருக்கு" என்றேன்.

அடுத்த நடை உலு லங்காட்டில், ஆற்றோரம். இந்த முறை அவளே பிரிக்பீல்ட்ஸ் வந்து என்னை ஏற்றிக்கொண்டாள். சொன்ன நேரத்துக்கு ரொம்பவும் தாமதமாக வந்தாள். "ஜாம்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன ஜாம்?

முந்தின இரவு மழை பெய்திருந்தது. ஆறு பெருகி, கலங்கி, தே தாரிக் தேநீரின் நிறத்தில் ஓடியது. மூங்கில் புதர்கள் தண்ணீருக்குள் குனிந்து எழுந்தன. அட்டகாசமான சத்தம். காட்டுப் பக்கமிருந்து வந்த காற்றில் உண்மையாகவே குளிர் இருந்தது. கரையோரப் பாதை வேர்களும் கற்களுமாக ஏறி இறங்கியது. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து என் தோளில் ஒரு கை விழுந்தது.

நின்றுவிட்டேன். மாமியார் இறந்த நாளிலிருந்து அவள் என்னைத் தொட்டதில்லை.

"வழுக்குது அண்ணி" என்றாள்.

"ம்" என்றேன். கை அங்கேயே இருந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டே அவள் கேள்விகள் கேட்க ஆரம்பித்தாள். அண்ணனுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? வேலையை விட்ட பிறகும் நாங்கள் அந்த ஃபிளாட்டிலேயேதான் இருக்கப்போகிறோமா? லிஃப்ட் ஒழுங்காக வேலை செய்கிறதா? கீழே இருந்து ரயில் நிலையம் வரைக்கும் நடைபாதை நன்றாக இருக்கிறதா?

வந்துவிட்டது விஷயம் என்று நினைத்தேன். இவள் கணவர் இறந்து சில வருடங்களாகின்றன. மகன் வீட்டில் இருக்கிறாள். மருமகளோடு ஒத்துவரவில்லை போலிருக்கிறது. எங்கள் வீட்டில் வந்து உட்காரத் திட்டம் போடுகிறாள். அதற்கு முதலில் என்னைப் பதமாக்க வேண்டும், அதற்குத்தான் கடலும் ஆறும். நினைக்க நினைக்க எல்லாம் பொருந்தி வந்தது. என் வேலையிலும் இப்படித்தான். ஒரு நூல் கையில் கிடைத்தால் போதும்.

"லிஃப்ட் அடிக்கடி ரிப்பேர்" என்றேன்.

"அப்படியா?" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

திரும்பும்போது, கார் நிறுத்தியிருந்த இடத்திலிருந்து வெளியே எடுக்கையில் பெரிய சத்தம். இடதுபக்கம் நிறுத்தியிருந்த ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து, காரின் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. சாப்பாட்டுக் கடையிலிருந்து வண்டிக்காரர் ஓடிவந்து கத்தினார். நல்லவேளை, வண்டியில் யாரும் இல்லை. நாத்தனார் இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். நான்தான் இறங்கி, மன்னிப்புக் கேட்டு, சமாதானம் பேசி முடித்தேன்.

"அது அங்க இல்லவே இல்ல அண்ணி" என்றாள் நான் உள்ளே ஏறியதும். "சத்தியமா இல்ல."

இந்த வாக்கியத்தை என் வேலையில் எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன்! அந்தத் தூண் அங்கே இல்லை, அந்த மாடு அங்கே இல்லை. இடித்தவர்கள் எல்லாரும் சொல்வது இதுதான். அவள் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டதும் கதவைச் சாத்திவிட்டு நேரே லிஃப்டுக்குப் போனேன்.

இனி கூப்பிடமாட்டாள் என்று நினைத்தேன். கூப்பிட்டாள். பிரேசர் மலைக்குப் போகலாம் என்றாள். ஆனால் இந்த முறை ரயிலில் வருகிறாளாம், நான் என் காரை ஓட்ட வேண்டுமாம்.

"உங்க காடி என்ன ஆச்சு?"

"வர்க்ஷாப்புல இருக்கு."

"கண்ணாடி மாத்த இத்தன நாளா?"

"ஆமா லா" என்றாள். சொல்லிவிட்டு உடனே, "முடியாதுன்னா சொல்லுங்க அண்ணி, பரவால்ல" என்றாள். அந்தக் கெஞ்சல் எனக்குப் புதியது. கெஞ்சலையும் நான் நம்புவதில்லை என்றாலும், அன்று போகத் தீர்மானித்தேன். இந்த முறை வாய்விட்டுக் கேட்டுவிடுவது என்றும் தீர்மானித்தேன்.

மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மேலே ஏற ஏறப் பெரணிகள் பெருத்தன, காற்று மெலிந்தது. ஜன்னலை இறக்கியபோது நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டோம். மணிக்கூண்டு இருக்கும் சின்னச் சதுக்கத்தில் காரை நிறுத்திவிட்டு, காட்டுக்குள் போகும் நடைபாதை ஒன்றில் இறங்கினோம். மதியம்தான். ஆனாலும் மரங்களுக்குக் கீழே வெளிச்சம் வடிகட்டி வந்தது போல இருந்தது. பாசி பிடித்த தண்டுகள், பெயர் தெரியாத பறவை ஒன்றின் ஒரே சுரத்துக் கூப்பாடு. என் காலுறையில் ஒரு அட்டை ஏறிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் சுண்டிவிட்டேன்.

திடீரென்று மூடுபனி இறங்கியது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பாதையின் முன்பக்கம் வெளுத்து, பக்கங்கள் கறுத்துப்போயின. தூறலும் ஆரம்பித்தது. எனக்கு வழி மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. நான் பாதையை விட்டு ஒரு எட்டு ஒதுங்கி, மரத்தடியில் நின்று பையிலிருந்து குடையை எடுத்தேன்.

நாத்தனார் பாதை நடுவே நின்றுவிட்டாள்.

"அண்ணி?" என்றாள்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் நின்றேன். அவள் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு இடதுபக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கிறேன். அவள் தலை நேராக முன்னே பார்த்தது. பிறகு வலதுபக்கம் திரும்பியது.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

நடிப்போ என்று ஒரு எண்ணம் வந்தது. குடையை மெதுவாக அவள் தோள் அருகே நீட்டினேன். பட்டுவிடும் அளவுக்கு நீட்டினேன். அவள் இமைக்கவில்லை. இரண்டு கைகளும் முன்னால் எழுந்து காற்றைத் தடவின. ஒரு கால் எட்டு வைக்கப் பார்த்து, வேரில் தட்டி, திரும்ப வந்தது. "அண்ணி, வெளயாடாதீங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல" என்று அழுகிற குரலில் சொன்னாள்.

நடிக்கிறவர்களை எனக்குத் தெரியும். இது அது இல்லை.

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் என் முழங்கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். நகம் பதிந்தது. அவளைப் பாதையோரம் விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்காரவைத்து, குடையை விரித்து, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன ஆச்சு உனக்கு?" என்றேன்.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு சொன்னாள். கண்ணின் ஓரம் போய்க்கொண்டே இருக்கிறதாம். நேராகப் பார்த்தால் தெரியும், தூரத்துக் கப்பல்கூடத் தெரியும். ஆனால் சுற்றிலும் இல்லை. குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. அந்தக் குழாயும் சுருங்கிக்கொண்டே வருகிறது. வெளிச்சம் குறைந்தால் சுத்தமாக எதுவும் இல்லை. பிறவியிலேயே உள்ள கோளாறாம், இப்போதுதான் முற்றியிருக்கிறது. மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம்.

பச்சைப் பாய், இளநீர்க் கோப்பை, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒவ்வொன்றாக என் தலைக்குள் வந்து வேறு இடத்தில் உட்கார்ந்தன. கடைசியாக வந்தது அந்தக் கார்.

"இந்தக் கண்ண வெச்சுக்கிட்டா என்னைக் காடியில ஏத்திட்டுப் போன? மோரிப் வரைக்கும்? அந்த ஹைவேயில?"

"மெதுவாத்தான ஓட்டினேன்."

"மெதுவாவா? ஒரு புள்ள குறுக்க வந்திருந்தா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அந்த மோட்டார் விழுந்தப்பதான் அண்ணி எனக்கே புரிஞ்சுச்சு. அன்னிக்கி வீட்டுக்குப் போயி சாவிய அலமாரியில வெச்சேன். இன்னும் தொடல. வர்க்ஷாப்பெல்லாம் இல்ல, காடி வாசல்லதான் நிக்குது."

"பிரிக்பீல்ட்ஸ் வந்தியே, அது?"

"கம்பு புடிச்சு நடக்கக் கத்துக் குடுக்கறாங்க அங்க. விசாரிக்க வந்தேன். வாசல் வரைக்கும் போயிட்டு உள்ள போகல. வெளியில ஒருத்தர் கம்பத் தட்டிக்கிட்டு வந்தாரு. பாத்ததும் ஓடியாந்துட்டேன். அன்னிக்கி லிஃப்ட், நடைபாதைன்னு கேட்டதும் இதுக்குத்தான், உங்க வீட்டுலேர்ந்து அங்க நடந்து போக முடியுமான்னு."

அந்தத் தெருவில் நடைபாதையின் நடுவே, காலால் தடவி நடப்பதற்காக மஞ்சள் வரிக் கற்கள் பதித்திருக்கும். தினமும் அதன் மேல்தான் மிதித்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன். அது யாருக்காகப் போட்டது என்று தெரியும். ஆனால் அவளை அதன் பக்கத்தில் பார்த்தபோது எனக்குத் தோன்றியதெல்லாம் வேறு.

"மகன்கிட்ட சொன்னியா?"

"சொன்னா வீட்டுக்குள்ளயே ஒக்கார வெச்சிடுவான். அண்ணன்கிட்ட சொன்னா அழும். பூனை செத்ததுக்கு ஒரு வாரம் சாப்பிடாத ஆளு அது."

"அப்ப நான்?"

அவள் யோசிக்கவே இல்லை. "நீங்க எனக்காக அழமாட்டீங்க. நான் என்ன சொன்னாலும் நம்பமாட்டீங்க. அதான் தைரியமா கூப்பிட்டேன். கண்ணு இருக்கறப்பவே கடல், ஆறு, மல எல்லாத்தையும் ஒரு தடவ நடந்து பாத்துடணும்னு இருந்துச்சு. தனியா போக பயம். பாவம் பாவம்னு சொல்றவங்களோட போக அத விட பயம்."

எனக்குக் கோபம் வந்தது. என்னைப் பயன்படுத்திக்கொண்டாள் என்கிற கோபம். அத்தோடு, பல வருடங்களாகக் கேட்காமல் வைத்திருந்ததும் சேர்ந்து வந்தது.

"உங்கம்மா எறந்தன்னிக்கி எல்லார் முன்னாடியும் என்னைச் சொன்னியே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

மழை குடையில் தட்டிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்பாள் என்று நான் காத்திருந்தேன்.

"அன்னிக்கி எனக்கு யாரையாவது திட்டணும் அண்ணி. நீங்கதான் பக்கத்துல நின்னீங்க" என்றாள்.

அது போதுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது பொய் இல்லை என்று மட்டும் அன்றைக்கே தெரிந்தது. நான் எழுந்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வேர் வரும்போது 'வேர்' என்றும், படி வரும்போது 'படி' என்றும் சொல்லிக்கொண்டே அவளை மேலே கூட்டிவந்தேன். ரொம்ப நேரம் ஆனது. சதுக்கத்துக்கு வந்து வெளிச்சம் பட்டதும் அவள் என் கையை விட்டுவிட்டுத் தானாக நடந்தாள். ஒரு கடையில் இரண்டு பேரும் சூடாக மீ ஹூன் என்கிற அரிசிச் சேமியா சூப் குடித்தோம். கிண்ணத்தை அவளுக்கு நேர் எதிரே வைக்கும்படி நான் கடைக்காரரிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

இறங்கும்போது காரில் ஒரு நிபந்தனை போட்டேன். "இனிமே நீ ஸ்டியரிங்கத் தொட்டன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே ஒங்கண்ணன்கிட்டயும் ஒன் மகன்கிட்டயும் சொல்லிடுவேன்."

"தொடமாட்டேன்."

"நான் செக் பண்ணுவேன்."

"தெரியும்" என்றாள்.

செக் பண்ணவும் செய்தேன். அடுத்த வாரம் ஏதோ சாக்குச் சொல்லி அவள் வீட்டுக்குப் போனேன். கார் வாசலில் நின்றது. கண்ணாடி ஒட்டப்படாமல் தொங்கியது. டயரைச் சுற்றி மாமர இலைகள் குவிந்து, மழையில் ஊறி மக்கத் தொடங்கியிருந்தன. பானட்டின் மேல் பூனையின் காலடித் தடங்கள். சரி என்று திருப்தியோடு உள்ளே போய்த் தேநீர் குடித்தேன்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அவள் ரயிலில் வந்தாள். நிலையத்துக்கு நானே போய்க் கூட்டிவருவேன். நடந்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திருப்பி அனுப்பிவிடுவேன். வேடிக்கை என்னவென்றால், இப்போது சந்தேகம் என் கணவருக்கு வந்துவிட்டது.

"ரெண்டு பேரும் அப்படி என்ன பேசறீங்க?" என்றார் ஒரு நாள். நான் சமையலறையில் போனை வைத்துக்கொண்டு தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றிருந்தார். "இத்தன வருஷம் மூஞ்சியக்கூடப் பாக்கல. இப்ப வாரா வாரம் ஊர் சுத்தறீங்க. நான் வந்தா பேச்ச நிறுத்திடறீங்க. என்ன நடக்குது?"

"சும்மாதான்" என்றேன்.

"சும்மாதான்னு சொன்னா நீ நம்புவியா?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான்.

அன்று இரவே நாத்தனாரிடம் சொன்னேன். நான் எத்தனை நாள் வேண்டுமானாலும் வாயை மூடிக்கொண்டிருப்பேன், ஆனால் நீயாகச் சொல்வதுதான் சரி என்றேன். அவள் முடியாது என்றாள். நான் வற்புறுத்தவில்லை. பொங்கலன்று எல்லாரும் அவள் மகன் வீட்டில் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்து இலைகளை எடுத்த பிறகு, அவள் கூடத்தின் நடுவே நின்று, மாத்திரைப் பெயரைச் சொல்வது போல அந்த வியாதியின் பெயரைச் சொல்லி, என்ன ஆகும் என்பதையும் சொல்லி முடித்தாள். மகன் அவள் எதிர்பார்த்த மாதிரியே கத்தினான். இனிமேல் தனியாக வாசற்படி தாண்டக்கூடாது என்றான். என் கணவர், அவள் எதிர்பார்த்த மாதிரியே, எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். ஆனாலும் கேட்டது.

நாத்தனார் என் பக்கம் திரும்பினாள். "நான் சொல்லல?" என்றது அந்த முகம்.

மகனிடம் நான் பேசினேன். கம்பு பிடித்து நடக்கக் கற்றுக்கொள்ள வாரம் ஒரு முறை அவளை நானே அழைத்துப் போகிறேன், நிலையத்திலிருந்து நிலையம்வரை என் பொறுப்பு என்றேன். அவன் என்னையும் என் நாத்தனாரையும் மாறி மாறிப் பார்த்தான். எங்கள் இருவருக்கும் ஆகாது என்று கேட்டே வளர்ந்தவன் அவன். இதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்று அவன் நினைத்தது எனக்கு நன்றாகவே தெரிந்தது. குற்றம் சொல்லமாட்டேன். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். கடைசியில் ஒத்துக்கொண்டான்.

மழை பின்வாங்கி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, நாங்கள் குவாலா சிலாங்கூருக்குப் போனோம். அங்கே ஒரு சின்ன மலை இருக்கிறது. உச்சியில் நின்றால் ஒரு பக்கம் ஆறு கடலில் விழுகிற இடம், இன்னொரு பக்கம் சதுப்பு நிலக்காடு. அவள் கையில் வெள்ளைக் கம்பு இருந்தது. இன்னும் பழகவில்லை. பாதி நேரம் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் முழங்கையைத்தான் பிடித்தாள். பழைய பீரங்கிகளுக்குப் பக்கத்தில் ஒரு சுவரில் உட்கார்ந்தோம். பக்கத்தில் என்ன நடக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டு வந்தேன். அது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

"எடது பக்கம் மரத்தடியில கொரங்குக் கூட்டம். சாம்பல் கலந்த கறுப்பு. தலையில முடி குடுமி மாதிரி நிக்குது. ஒரு தாய் குட்டிய அணைச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு. குட்டி ஆரஞ்சு நெறம்."

"என்ன நெறம்?"

"ஆரஞ்சு. பளபளன்னு, ஆரஞ்சுப் பழம் மாதிரியே."

அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "கறுப்புக் கொரங்குக்கு ஆரஞ்சுக் குட்டியா?"

"ஆமா."

"அண்ணி, எனக்குப் பாதிதான் தெரியுதுன்னு இஷ்டத்துக்குக் கத விடாதீங்க."

"கத இல்ல. அதுங்க குட்டியில அப்படித்தான் இருக்கும் போல."

"சந்தோஷப்படட்டும்னு கூட்டிச் சொல்றீங்க. போன வாரம் ஆத்துல நாரை நிக்குதுன்னீங்க. அதுவே எனக்கு டவுட்டு."

"நாரை நின்னுச்சு."

"ம்" என்றாள், கொஞ்சமும் நம்பாமல். பிறகு சுவரிலிருந்து எழுந்து, கம்பை ஊன்றிக்கொண்டு, இடதுபக்கம் திரும்பி நின்றாள். தலையை மெல்ல, மிக மெல்ல, மரத்தின் வேரிலிருந்து மேலே தூக்கிக்கொண்டே போனாள், ஒரு சின்னத் துவாரத்தின் வழியாக அந்தக் குட்டியைத் தேடிக்கொண்டு.

"இருங்க, இருங்க. எங்கன்னு சொல்லாதீங்க" என்றாள். "நானே பாத்துக்கறேன்."